ஆப்பிள் வற்றல்: எவ்வளவு காய்ந்தால் எத்தனை மாதம் தாங்கும்?

ஆகஸ்ட், செப்டம்பரில் இமாச்சல் ஆப்பிளும் அதன் பின்னாலேயே காஷ்மீர் ஆப்பிளும் சந்தைக்கு வந்து குவியும்போது விலை சரியும். 'இரண்டு மூன்று கிலோ வாங்கி வீட்டிலேயே உலர்த்தி வைத்துக்கொள்ளலாமே' என்ற யோசனையும் அப்போதுதான் வரும். எப்படி என்று தேடப் போனால் குழப்பம்தான் மிச்சம். துண்டு தோல்போல வளைந்தால் போதும் என்கிறார் ஒருவர், அப்பளம்போல ஒடிய வேண்டும் என்கிறார் இன்னொருவர். ஆறு மாதம் தாங்கும் என்று ஒரு கணக்கு, முப்பது வருடம் தாங்கும் என்று இன்னொரு கணக்கு.

இவற்றில் பெரும்பாலானவை பொய் இல்லை. ஒவ்வொருவரும் வேறு அளவு ஈரத்தையும் வேறு ஊரின் காற்றையும் வேறு டப்பாவையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்துவிட்டால் நம் சமையலறைக்கு எது பொருந்தும் என்று தெரிந்துவிடும்.

கெட்டுப்போவதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

புது ஆப்பிளில் 100-க்கு 85 பங்கு தண்ணீர். பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர அந்தத் தண்ணீர் வேண்டும். ஆனால் பழத்தில் இருக்கும் தண்ணீர் முழுவதும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. சர்க்கரை ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஜாமில் கணிசமான தண்ணீர் இருந்தும் அது எளிதில் கெடாமல் இருப்பது இதனால்தான். ஆகவே 'எவ்வளவு தண்ணீர் இருக்கிறது' என்பதைவிட 'எவ்வளவு தண்ணீர் கிருமிக்குக் கிடைக்கும்' என்பதுதான் முக்கியமான கேள்வி. உணவியலில் இந்த அளவுக்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர்.

அதைப் புரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. உலர்ந்த துண்டுகளை ஒரு ஜாடியில் போட்டு இறுக மூடிவிட்டால், சில நாளில் ஜாடிக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதம் ஓர் அளவில் வந்து நிற்கும். அது 65 சதவீதம் என்றால் பழத்தின் நீர்ச் செயல்பாடு 0.65. சுத்தமான தண்ணீருக்கு இது 1. புது ஆப்பிளுக்கு 0.98 அளவில் இருக்கும். கீழே இறங்க இறங்க கிருமிகள் ஒவ்வொரு கூட்டமாக வெளியேறும்:

1. 0.91-க்குக் கீழே பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வதில்லை.
2. 0.80-க்குக் கீழே சாதாரணப் பூஞ்சைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும்.
3. 0.60-க்குக் கீழே எந்த நுண்ணுயிரும் வளராது. அதற்குச் சற்று மேலே, வறட்சியைத் தாங்கும் சில பூஞ்சைகள் மட்டும் மெதுவாக வளரும்.

வளர்வது நிற்கும் என்றுதான் சொல்கிறோம், சாகும் என்று சொல்லவில்லை. ஈரம் திரும்பினால் அவையும் விழித்துக்கொள்ளும்.

வீட்டில் உலர்த்தும் பழத்துக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 20 சதவீத ஈரம். ஆப்பிளில் அது 0.60-க்கும் 0.70-க்கும் இடையே எங்கோ வரும். காய்கறி என்றால் 10 சதவீதம் வரை இறக்கச் சொல்வார்கள். பழத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பது அதன் சர்க்கரையாலும் புளிப்பாலும். ஆப்பிளின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறைய புளிப்பு அதிகம்) 4.6-க்கு நன்றாகக் கீழே இருப்பதால் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சுநோயை உண்டாக்கும் பாக்டீரியா அதில் வளர முடியாது. பூஞ்சைக்குப் புளிப்பு ஒரு தடையே இல்லை. ஆப்பிள் வற்றலின் முதல் எதிரி பூஞ்சைதான்.

நம் வற்றல் பழக்கம் எதுவரை கைகொடுக்கும்?

சுண்டைக்காய், மணத்தக்காளி, மோர் மிளகாய் எல்லாம் தலைமுறைகளாகப் போட்டுவரும் வீடுகளுக்கு இது புதிதா என்று தோன்றும். பாதி பழையது, பாதி புதியது. மோர் மிளகாயில் உப்பு சேர்க்கிறோம். அது தண்ணீரைப் பிடித்து வைத்து, கிருமிக்குக் கிடைப்பதைக் குறைக்கிறது. கலகலவென்று சத்தம் வரும்வரை காயவிடுகிறோம். கடைசியில் எண்ணெயில் பொரித்துத்தான் தட்டில் போடுகிறோம், அந்தச் சூட்டில் மிச்சம் மீதி கிருமியும் போய்விடுகிறது.

ஆப்பிளில் இந்த மூன்றும் இல்லை. உப்பு கிடையாது, பெரும்பாலும் மெத்தென்ற பதத்தில் எடுத்துவிடுகிறோம், பொரிக்காமல் அப்படியே குழந்தை கையில் கொடுக்கிறோம். ஆகவே மொட்டை மாடியில் துணி விரித்து, காக்காய் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு இங்கே போதாது.

காற்றின் கணக்கு

இந்த விஷயத்தில் பலரும் தவறவிடும் இடம் இது. வெயில்தான் காயவைக்கிறது என்று நினைக்கிறோம். வெயில் சூடு தரும், சரி. ஆனால் வெளியேறும் தண்ணீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். வெயிலில் பழம் உலர்த்தக் குறைந்தது 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 60 சதவீதத்துக்குக் குறைவான ஈரப்பதமும் வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். வெப்பம் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. ஈரப்பதம்தான் சிக்கல்.

காஷ்மீரில் குளிர்காலத்துக்கென்று கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி போன்றவற்றை உலர்த்தி வைப்பது வழக்கம், ஹோக் ஸ்யூன் என்பார்கள். ஆப்பிளையும் சீவி உலர்த்துவதுண்டு. இமாச்சலின் கின்னௌர் மாவட்ட மேட்டுப் பகுதியும் லடாக்கும் மழை மறைவுப் பகுதிகள். அங்கே அறுவடை முடியும் நேரத்தில் காற்று வறண்டிருக்கும், வெயிலும் இருக்கும். பழம் கிடைக்கும் காலமும் காயவைக்கும் காலமும் அங்கே ஒன்று.

தமிழ்நாட்டில் அது தலைகீழ். மதுரை, திருச்சி, சேலம் பக்கம் காற்று நன்றாக வறண்டிருப்பது மார்ச் முதல் மே வரை. அப்போது சந்தையில் இருப்பது குளிர்கிடங்கில் வைத்து எடுத்த ஆப்பிள், விலையும் அதிகம். ஆப்பிள் மலிவாகும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோர ஊர்களில் அந்த நாட்களில் விடியற்காலை ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பகலில் விட்ட ஈரத்தைத் துண்டுகள் ராத்திரியில் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூன்று நாள் இப்படி இழுபறியானால் உள்ளே ஈஸ்ட் புகுந்து புளித்த வாடை வந்துவிடும்.

அப்படியானால் மின் உலர்த்தி எப்படி மழைக்காலத்திலும் வேலை செய்கிறது? ஒரு சின்னக் கணக்கு. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அதில் ஏற்கெனவே 23 கிராம் இருக்கிறது, இன்னும் 7 கிராமுக்குத்தான் இடம். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு கன மீட்டரில் 130 கிராம் வரை தாங்கும். காற்று விரிவதையும் சேர்த்துப் பார்த்தால் அதிலிருக்கும் நீராவி சுமார் 21 கிராம். ஈரப்பதம் 75-லிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது! காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட எடுக்கவில்லை, சூடாக்கினோம், அவ்வளவுதான். அப்புறம் அந்தக் காற்றை விசிறி தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் துண்டைச் சுற்றி ஈரக்காற்று தேங்கிவிடும்.

ஆகவே கரையோர ஊர்களில் இருப்பவர்கள் வெயிலை நம்ப வேண்டாம் என்பதே என் கருத்து. விசிறியுள்ள மின் உலர்த்தியோ, 60 டிகிரிக்கு இறக்க முடிகிற ஏர் ஃபிரையரோ இருந்தால் பார்க்கலாம். மேசை ஓவன்கள் பலவற்றில் குறைந்த அளவே 100 டிகிரிதான். அதில் ஆப்பிள் காய்வதற்கு முன்னால் வெந்துவிடும்.

அடுப்படி வேலை

1. பழம் கெட்டியாக இருக்க வேண்டும். அழுகத் தொடங்கிய ஆப்பிளைத் தூக்கிப் போட மனமில்லாமல் வற்றலாக்கிக் காப்பாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஆப்பிள் அழுகலில் வளரும் ஒரு வகைப் பூஞ்சை பாட்டுலின் என்ற நச்சை விடுகிறது. உலர்த்தும் சூட்டில் அது அழியாது, பழம் சுருங்கச் சுருங்க அடர்த்திதான் கூடும். அடிபட்டுக் கன்றிய இடம் மட்டும் என்றால் தாராளமாகச் சுற்றி வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

2. கழுவி, நடுப்பகுதியையும் விதையையும் நீக்கவும். தோல் இருக்கலாம். மெழுகு பூசிய பழம் என்றால் சீவிவிடுவது நல்லது, மெழுகு தண்ணீரை வெளியே விடாது.

3. எல்லாத் துண்டும் ஒரே தடிமனாக, 5 மில்லிமீட்டர் அளவில். இது அழகுக்காகச் சொல்வது இல்லை. உள்ளிருக்கும் தண்ணீர் மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்துதான் ஆவியாக வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரே தட்டில் 4 மில்லிமீட்டரும் 8 மில்லிமீட்டரும் கலந்திருந்தால் மெல்லியது ஒடியும் பதத்துக்கு வரும்போது தடித்ததன் நடுவில் ஈரம் நிற்கும். ஜாடி முழுவதையும் கெடுக்க அப்படி நான்கு துண்டு போதும்.

4. வெட்டியதும் பழுப்பாவது ஒரு நொதியின் வேலை. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் அது பழத்திலுள்ள பினால்கள் என்ற சேர்மங்களை நிறம் மாற்றுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தை (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைப்பது இதுதான்) கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டவும். எலுமிச்சைச் சாறும் தண்ணீரும் சம அளவில் கலந்தாலும் சரி. நிறத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. புளிப்பில் ஊறிய துண்டுகளில் ஈ-கோலை, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் உலர்த்தும்போது கூடுதலாகச் சாகின்றன. நமக்கு அதிகம் கிடைக்கும் டெலிசியஸ் வகைகள் இனிப்பு மிகுந்து புளிப்புக் குறைந்தவை என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம். கடையில் விற்கும் உலர் ஆப்பிள் வெள்ளையாக இருப்பதற்குப் பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடு காரணம், பொட்டலத்தில் ஐஎன்எஸ் 220 என்ற சேர்க்கைப்பொருள் எண்ணாக இருக்கும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சுத்திணறலைத் தூண்டும். வீட்டில் அது தேவையே இல்லை, கொஞ்சம் பழுப்பாக இருந்தால் இருக்கட்டும்.

5. 55 முதல் 60 டிகிரி. துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படக்கூடாது. சீக்கிரம் முடியட்டும் என்று சூட்டைக் கூட்டினால் மேற்புறம் கெட்டித்துப்போய் உள் ஈரத்துக்கு வழியை அடைத்துவிடும். வெளியே காய்ந்ததுபோல இருக்கும், ஒரு வாரத்தில் உள்ளிருந்து பூஞ்சை வரும். நேரம் 6 முதல் 12 மணி வரை ஆகலாம்.

தராசை நம்புங்கள்

எல்லோரும் தரும் அடையாளம் 'பதம் பார்த்து எடு' என்பது. அனுபவம் உள்ள கைக்கு அது சரி. முதல்முறை செய்பவருக்குச் சமையலறைத் தராசு அதைவிட உதவும். வெட்டிய துண்டுகளை ஊறவைக்கும் முன்னால் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் 85 சதவீதம் என்றால் 1000 கிராம் துண்டில் திடப்பொருள் 150 கிராம். எவ்வளவு காய்ந்தாலும் அந்த 150 கிராம் மாறாது. ஆகவே:

1. 20 சதவீத ஈரம் நிற்க வேண்டுமானால் இறுதி எடை சுமார் 188 கிராம். இது வளையும் பதம், மெல்ல மெத்தென்று இருக்கும்.
2. 10 சதவீதம் என்றால் சுமார் 167 கிராம். இது விறைப்பான பதம், ஆறியதும் ஒடியத் தொடங்கும்.
3. 5 சதவீதம் என்றால் சுமார் 158 கிராம். இது கண்ணாடிபோல ஒடியும்.

188-க்கும் 158-க்கும் இடையே வெறும் 30 கிராம் வித்தியாசம். 1000 கிராமில் 812 கிராமை இழந்த பிறகு வரும் இந்தக் கடைசி 30 கிராம்தான் மாதக்கணக்கைத் தீர்மானிக்கிறது. கையால் தொட்டு இதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

பழத்துக்குப் பழம் தண்ணீர் இரண்டு சதவீதம் கூடலாம், குறையலாம். அதனால் தராசு காட்டுவதை ஏறக்குறைய என்றே எடுத்துக்கொண்டு, கடைசியில் கையாலும் சோதிக்க வேண்டும். ஒரு துண்டை வெளியே எடுத்து நன்றாக ஆறவிடுங்கள், சூட்டில் எல்லாமே மெத்தென்றுதான் இருக்கும். ஆறியதும் இரண்டாகக் கிழித்து, கிழித்த விளிம்பை அழுத்துங்கள். ஈரம் துளிர்க்கக்கூடாது, துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது. நம் ஊர் ஈரப்பதத்துக்கு 188-ல் நிறுத்தாமல் 167 பக்கம் கொண்டுபோவதே நல்லது. மென்மை கொஞ்சம் போகும், ஆனால் நிம்மதியாக எடுத்து வைக்கலாம்.

ஜாடியில் பத்து நாள்

காய்ந்ததும் நேராகப் பரணில் ஏற்றக்கூடாது. கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகத்துக்குக் குறைவாக நிரப்பி, மூடி, 7 முதல் 10 நாள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தினமும் ஒருமுறை குலுக்குங்கள். அதிகம் காய்ந்த துண்டு, குறைவாகக் காய்ந்த துண்டிலிருந்து ஈரத்தை வாங்கி இரண்டும் சமமாகும். உள்சுவரில் வியர்த்ததுபோல நீர்த்துளி தெரிந்தால் மொத்தத்தையும் திரும்ப உலர்த்தவும். பூசணம் பூத்திருந்தால் மேலே தெரிவதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடக் கூடாது, முழு ஜாடியையும் கொட்டிவிட வேண்டும்.

வெயிலில் உலர்த்தியது என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. ஈயும் அந்துப்பூச்சியும் முட்டையிட்டிருக்கலாம். மைனஸ் 18 டிகிரியில் 48 மணி நேரம் உறையவைத்தால் முட்டைகள் சாகும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி பல வீடுகளில் அந்தக் குளிரை எட்டாது. அப்போது 70 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவது மேல்.

எத்தனை மாதம்?

நன்றாக உலர்ந்து காற்றுப் புகாமல் வைத்த பழம் 15 டிகிரி வெப்பத்தில் ஒரு வருடம், 27 டிகிரியில் ஆறு மாதம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. கிருமி வளராவிட்டாலும், சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலமும் வினைபுரிந்து நிறம் கருக்கும், மணம் மாறும், சத்தும் குறையும். சென்னையிலோ மதுரையிலோ கோடையில் வீட்டுக்குள்ளேயே 32, 33 டிகிரி இருக்கும்போது அலமாரியில் மூன்று, நான்கு மாதத்துக்குமேல் எதிர்பார்க்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வருடக் கணக்கு நமக்கும் பொருந்தும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் குளிர் தானாகக் கிடைக்கும், ஆனால் மழைமாதங்களில் அங்கும் காற்றில் ஈரம் அதிகம். அதனால் மூடி விஷயத்தில் அவர்களுக்கும் விலக்கு இல்லை.

எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும், திறந்து வைத்த துண்டு அறைக் காற்றின் ஈரத்தைப் பிடித்து நமுத்துப்போகும். அறையில் 75 சதவீத ஈரப்பதம் என்றால் பழத்தின் நீர்ச் செயல்பாடும் 0.75-ஐ நோக்கிப் போகும், அது பூஞ்சைக்குப் போதுமானது. இதற்கு வீட்டிலேயே ஓர் எச்சரிக்கை மணி இருக்கிறது. சமையல் உப்பு கசியத் தொடங்குவது ஏறக்குறைய இதே 75 சதவீதத்தில்தான். உப்பு ஜாடி கசிகிற நாட்களில் வற்றல் ஜாடியைத் திறந்து வைக்கவே கூடாது. ஒரு பெரிய டப்பாவைவிட ஒரு வாரத்துக்குத் தேவையானது மட்டும் பிடிக்கும் சின்னச் சின்ன ஜாடிகள் மேல். மெல்லிய பாலிதீன் கவர் வழியாக நீராவி மெதுவாக உள்ளே போகும், மாதக்கணக்கில் வைக்க அது உதவாது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஜாடியை உடனே திறந்தால் வெளிக்காற்று குளிர்ந்த துண்டுகள்மேல் நீராகப் படியும். அரை மணி நேரம் வெளியே வைத்து, ஜாடியின் குளிர்ச்சி போனபின் திறக்கவும்.

முப்பது வருடக் கணக்கு எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் அவசரகால இருப்புக்காக விற்கும் பழத் துண்டுகள் மிகக் குறைந்த ஈரத்துக்கு உலர்த்தப்பட்டவை. அவற்றைத் தகர டின்னில் அடைத்து, இரும்புத்தூள் நிரப்பிய சின்னப் பொட்டலத்தை உள்ளே வைத்து மூடுகிறார்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது டின்னிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லை, ஒளி இல்லை, நீராவி புக வழியில்லை, குளிர்ந்த நிலவறையில் இருக்கிறது. அந்தக் கணக்கை நம் வீட்டு ஜாடிக்குப் போட முடியாது. ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்கள் இங்கேயும் இணையத்தில் கிடைக்கின்றன. பயன்படுத்துவதானால் 10 சதவீதத்துக்குக் கீழே உலர்த்திய ஒடியும் துண்டுகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் பாட்டுலிசக் கிருமி வளரும். ஆப்பிளின் புளிப்பு காப்பாற்றும் என்றாலும், மெத்தென்ற உணவை அப்படி அடைக்கும் பழக்கம் நாளைக்குத் தேங்காய்க்கும் காய்கறிக்கும் போய்விட்டால் ஆபத்து.

சாப்பிடும்போது

150 கிராம் துண்டு காய்ந்தால் 25 கிராம் ஆகிறது, சர்க்கரை அப்படியே நிற்கிறது. மெத்தென்ற கடைப் பதத்திலேயே 100 கிராமில் பாதிக்குமேல் சர்க்கரை இருக்கும். பேச்சு சுவாரசியத்தில் ஒரு கைப்பிடி எடுத்தாலே ஒரு முழு ஆப்பிள் உள்ளே போயிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் துண்டை எண்ணிச் சாப்பிடுவது நல்லது. நார்ச்சத்து குறைவதில்லை. வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும்.

கஞ்சியிலோ கேசரியிலோ சேர்க்க வேண்டுமானால் வெந்நீரில் கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். ஊறிய துண்டு இனி வற்றல் இல்லை, வெட்டி வைத்த பழம் மாதிரிதான். அன்றைக்கே சாப்பிடுங்கள், மிஞ்சினால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடியுங்கள். ஊறிய தண்ணீரையும் கொட்ட வேண்டாம், பழத்தின் இனிப்பில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும்.